ஒன்பது டம்ளர் மாவு

அம்மா இருந்தவரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் எங்கள் வீட்டில் கூடிச் சாப்பிடுவது வழக்கம். எங்கள் வீடு காட்பாடியில், ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். பெங்களூரிலிருந்து அண்ணன் குடும்பம் காலை ரயிலில் வந்து இறங்கும். ஆரணியிலிருந்து அக்கா, குடியாத்தத்திலிருந்து சித்தப்பா வீட்டார், அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெரியம்மா என்று ஒவ்வொருவராக வந்து சேர, பதினொரு மணிக்கெல்லாம் வாசலில் செருப்பு விட இடமிருக்காது. 2022 கார்த்திகையில் அம்மா இறந்துபோனார். அதற்குப் பிறகு யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்க என்று யாரும் கூப்பிடவும் இல்லை. ஒன்றரை வருடம் அப்படியே போய்விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையை நானே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று 2024 மே மாதம் முடிவு செய்தேன். அன்றைக்குப் பணம் போனது, வேலை போனது, அதைவிடப் பெரிதாக ஒன்றும் கைவிட்டுப் போனது. அம்மாவோ அப்பாவோ போனபிறகு அவர்கள் கைச்சமையலை ஒருமுறையாவது செய்துபார்க்க நினைப்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எல்லாருக்கும் போன் போட்டேன். பத்தொன்பது பேர் வருவதாகச் சொன்னார்கள். அக்கா, "நான் முந்தின நாளே வந்துடட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெரியம்மாவும் கேட்டார். 78 வயதில் அவரை வேலை வாங்குவதா என்று, "நீங்க வந்து உக்காந்து சாப்பிட்டாப் போதும் பெரிம்மா" என்றேன். என் வீட்டுக்காரருக்கு ராணிப்பேட்டையில் ஷிப்ட் வேலை, அந்த ஞாயிறு பகல் ஷிப்ட். அதையும் மாற்றச் சொல்லவில்லை. அம்மா தனியாகத்தானே எல்லாம் செய்தார் என்று அப்போது உறுதியாக நம்பினேன். என் முதல் தப்பு அதுதான். உதவிக்கு வருகிறேன் என்று யாராவது வாய்விட்டுக் கேட்டால் தயவுசெய்து சரி என்று சொல்லிவிடுங்கள். நான் அதை மரியாதை என்று நினைத்துத் தட்டிவிட்டேன்.

என்ன சமைப்பது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. அம்மாவின் ஞாயிறு என்றால் கேழ்வரகு களி, முள்ளு கத்தரிக்காயும் மொச்சையும் போட்ட கருவாட்டுக் குழம்பு, நாட்டுக்கோழிக் குழம்பு, கீரைக் கடைசல், பிள்ளைகளுக்குச் சோறும் ரசமும். சனிக்கிழமை காலை வேலூர் நேதாஜி மார்க்கெட் போனேன். எங்கள் மாவட்டத்து இலவம்பாடி ஊரின் முள்ளு கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து கண்ட கத்தரிக்காயையும் இலவம்பாடி என்று சொல்லி விற்கிறார்கள். காம்பையும் அதன் கீழே இருக்கும் பச்சைத் தோட்டையும் விரலால் அழுத்திப் பாருங்கள், சுருக்கென்று முள் குத்த வேண்டும். இந்தக் காய் சீக்கிரம் வெந்து வெண்ணெய் மாதிரி குழைந்துவிடும், அதனால் குழம்பு கொதித்த பிறகுதான் போட வேண்டும். மொச்சை மே மாதத்தில் பச்சையாகக் கிடைக்காது, காய்ந்த மொச்சை வாங்கி ஊறவைத்தேன். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

அம்மாவின் சமையல் குறிப்பு ஒரு பழைய நோட்டில் இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் எழுதிய கணக்கு நோட்டு. அட்டையில் என் கையெழுத்தில் பெயர், ஊர், கீழே "வ.ஆ. மாவட்டம்" என்று இருக்கும். 1989-ல் பிரிப்பதற்கு முன்னால் இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் ஆரணியும் எங்கள் வேலூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டம்தானே. பெரியம்மா இன்றைக்கும் வடாற்காடு என்றுதான் சொல்வார். நான் எழுதாமல் விட்ட பின்பக்கங்களில் அம்மா பென்சிலால் எழுதியிருக்கிறார். களிக்கு இவ்வளவுதான் இருந்தது: "20 பேருக்கு. பெரிய குண்டான் கழுத்து வரைக்கும் தண்ணி. நொய் 3 டம்ளர். மாவு 9 டம்ளர்." அந்தப் பெரிய குண்டான் என்னிடம்தான் இருக்கிறது. டம்ளர் என்றால் டம்ளர்தானே என்று தினமும் காபி குடிக்கிற எவர்சில்வர் டம்ளரை எடுத்தேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு உலை வைத்து நொய்யைப் போட்டேன். நொய் வெந்ததும் மாவை நடுவில் குவித்துக் கொட்டி, துடுப்பின் காம்பால் நடுவில் ஒரு குழி பண்ணி, கிளறாமல் மூடி, தீயைக் குறைத்து வேகவிட வேண்டும். அதெல்லாம் சரியாகச் செய்தேன். பத்து நிமிடம் கழித்துத் திறந்து துடுப்பைப் போட்டுக் கிளறினால் களி சுருளவே இல்லை. கூழாக இருந்தது. ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றுகிற கூழ் மாதிரி துடுப்பிலிருந்து வழிந்தது. பதறிப்போய் இன்னும் நாலு டம்ளர் மாவை அப்படியே கொதிக்கிற கூழில் கொட்டினேன். அதை யாரும் செய்யாதீர்கள். சூட்டில் பச்சை மாவு விழுந்ததும் மேலே மட்டும் வெந்து உள்ளே மாவாகவே கட்டி கட்டியாக உருண்டுவிடும், அப்புறம் எவ்வளவு கிளறினாலும் உடையாது. தண்ணீர் அதிகம் என்று தெரிந்தால் கிளறுவதற்கு முன்பே மேலே நிற்கிற தண்ணீரை ஒரு கிண்ணத்தில் வடித்து வைத்துக்கொள்ள வேண்டும், இறுகினால் அதையே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்ளலாம். இது எனக்கு எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

கட்டியை உடைக்கலாம் என்று இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்து அழுத்தினேன். குண்டானைப் பிடிக்க யாரும் இல்லை. அது அடுப்பின் மேலே சுற்றிக்கொண்டு ஒருபக்கம் சாய, கொதிக்கிற களி ஒரு கரண்டி அளவு வலது மணிக்கட்டில் விழுந்தது. தண்ணீர் என்றால் வழிந்துவிடும். களி தோலோடு ஒட்டிக்கொள்கிறது. உதறினாலும் போகவில்லை. குழாயைத் திறந்தால் மாடித் தொட்டித் தண்ணீர். அக்னி நட்சத்திரத்தில் எங்கள் ஊர்த் தொட்டித் தண்ணீர் காலை பத்து மணிக்கே கொதிக்கும். பக்கத்து வீட்டம்மா ஓடிவந்து டூத்பேஸ்டைத் தடவினார். நல்ல மனதோடு செய்தார், ஆனால் அது தப்பு. தீக்காயத்தில் பேஸ்ட், மஞ்சள், மாவு எதுவும் பூசக்கூடாது. இருபது நிமிடம் குளிர்ந்த தண்ணீர் விட வேண்டும். ஐஸ் கட்டியும் வைக்கக்கூடாது. வெயில் காலத்தில் தொட்டித் தண்ணீர் சூடாக இருந்தால் குடிக்கிற பானைத் தண்ணீரையோ கேன் தண்ணீரையோ ஊற்றிக்கொண்டே இருங்கள். நான் பேஸ்டோடு துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி சமைக்கப் போய்விட்டேன். சாயங்காலம் கிளினிக்கில் அதைச் சுரண்டி எடுத்தபோதுதான் உண்மையான வலி.

குழம்பும் கெட்டது. கருவாட்டைச் சுடுதண்ணீரில் கழுவினேன், ஆனால் வழக்கமான குழம்புக்குப் போடுவதுபோல முதலிலேயே உப்பையும் போட்டுவிட்டேன். கருவாடு வேக வேக அதன் உப்பு இறங்கி, வாயில் வைக்க முடியவில்லை. கருவாட்டுக் குழம்புக்கு உப்பு கடைசியில்தான், அதுவும் ருசி பார்த்துவிட்டு. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்பார்கள். ஆனால் கை எரிந்துகொண்டிருக்கும்போது, வாசலில் ஆட்டோ வந்து நிற்கும்போது, தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது.

பன்னிரண்டரை மணிக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். பெரியம்மா நேராக அடுப்பங்கரைக்கு வந்து குண்டானை எட்டிப் பார்த்தார். "இன்னாடி கண்ணு, கூழு காச்சினியா?" என்று கேட்டார். திட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டேன். உள்ளே வரப் பார்த்த அக்காவையும் "நீ போய் உக்காரு" என்று அனுப்பிவிட்டேன். பிறகு ஒரு கடைக்குப் போன் போட்டுப் பத்தொன்பது பிரியாணி சொன்னேன், ஒன்று 260 ரூபாய். அது வருவதற்கு மணி இரண்டேகால். பிரியாணி வந்தபிறகு கோழிக்குழம்பை யாரும் தொடவில்லை. அந்த ஒன்றுதான் நன்றாக வந்திருந்தது. மே மாத வெயிலில் சமைத்த கறியை வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது, அதற்குள் சின்னச் சின்னப் பாத்திரமாகப் பிரித்து பிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். எனக்கு அந்த நினைப்பே இல்லை. ஆறு மணிக்கு மூடியைத் திறந்தால் வாடை மாறியிருந்தது. அத்தனையையும் கொட்டினேன்.

இதையெல்லாம்கூட நான் மறந்துவிடுவேன். மறக்க முடியாதது ஒன்று உண்டு. பிரியாணிக்காகக் காத்திருந்த அந்த ஒன்றரை மணி நேரம் கூடத்தில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து அம்மாவைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் இரண்டு கரையும் தொட்டு வெள்ளம் போனபோது அம்மாவைப் பார்க்கக் கூட்டிப்போனோம், அவர் ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றார். அதில் ஆரம்பித்திருக்கிறது. அண்ணன் ஏதோ சொல்ல, அக்கா ஏதோ சொல்ல, அப்புறம் பெரியம்மா தங்கள் சின்ன வயதுக் கதையைச் சொல்லியிருக்கிறார். யாரிடமும் சொல்லாத கதை. சொல்லும்போதே அழுதிருக்கிறார், அண்ணனும் அழுதிருக்கிறான். நான் சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் மாவுக்கட்டி நசுக்கிக்கொண்டிருந்தேன். பேச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

பதிவு செய்ய வேண்டும் என்று காலையிலேயே முடிவு பண்ணி, எல்லாரும் வந்ததும் போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு டிவி ஸ்டாண்டில் வைத்திருந்தேன். ராத்திரி எல்லாரும் போனபிறகு கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்து கேட்டேன். பதினொரு நிமிடம்தான் இருந்தது. பிரியாணிக் கடையிலிருந்து வழி கேட்டுக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதோடு பதிவு நின்றுவிட்டது. இருந்த பதினொரு நிமிடத்திலும் தலைக்கு மேல் ஓடிய ஃபேன் சத்தமும் டிவியும்தான் கேட்கிறது. பெரியவர்கள் பேசுவதைப் பதிவு செய்ய நினைப்பவர்கள் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். டிவியை அணைத்துவிடுங்கள். போன் பேசுகிறவர் மடிக்குப் பக்கத்தில் இருக்கட்டும், ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம். ஐந்து நிமிடம் பேசிப் பார்த்து, போட்டுக் கேட்டுவிட்டு, பிறகு ஆரம்பியுங்கள். அன்றைக்கே இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மளிகையும் காய்கறியும் 2,300, நாட்டுக்கோழி 2,750, கருவாடு 780, பிரியாணி 4,940, கிளினிக்கும் மருந்தும் 1,650. மொத்தம் 12,420 ரூபாய். நான் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறேன். வைகாசி முகூர்த்த நேரம், கல்யாண ஜாக்கெட் ஏழு கையில் இருந்தது. வலது மணிக்கட்டு மடங்காமல் பன்னிரண்டு நாள் மிஷினில் உட்காரவில்லை. அதில் ஐந்து ஜாக்கெட்டைத் திருப்பி வாங்கிப் போய்விட்டார்கள்.

அடுத்த வாரம் முழுக்க ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு, பெரியம்மா என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுதான் இருந்தது. அவர்கள் அம்மா, அதாவது எங்கள் ஆயா, இறந்தபோது பெரியம்மாவுக்குப் பதினாலு வயது, அம்மாவுக்கு ஒன்பது என்றாள் அக்கா. அறுப்புக்கு வந்த ஆட்களுக்கு இரண்டு பேரும்தான் களி கிண்டினார்களாம் என்றான் அண்ணன். "ஏதோ ஒரு கல்லு மேல ஏறி நின்னாங்கன்னு சொன்னாங்க அத்தை" என்றாள் அண்ணன் மகள். யார் ஏறினார்கள், எந்தக் கல், அன்றைக்கு என்ன நடந்து பெரியம்மா அழுதார் என்பது யாருக்கும் கோவையாக நினைவில்லை. பெரியம்மாவிடமே கேட்டேன். "அன்னிக்குத்தான் சொன்னனே கண்ணு, அத எத்தினி வாட்டி சொல்றது" என்றார். குரலில் சலிப்பு இல்லை, திரும்ப அங்கே போக மனமில்லை என்று புரிந்தது. மேலே கேட்கவில்லை.

டம்ளர் விஷயம் தற்செயலாகத்தான் தெரிந்தது. அந்த ஐப்பசியில் பெங்களூர் போயிருந்தபோது அண்ணன் மகள் மேஜையில் ஒரு பித்தளை டம்ளரில் பேனாக்கள் சொருகி வைத்திருந்தாள். அம்மாவுடையது. பதினாறாம் நாள் பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டபோது பாட்டி ஞாபகமாக அவள் எடுத்துப் போனது. கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது, என் காபி டம்ளரைவிட எவ்வளவோ பெரிது. டிஜிட்டல் தராசில் வைத்து, பூஜ்யமாக்கி, தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். 335 கிராம். அதாவது 335 மில்லி. என் டம்ளர் 200 மில்லி. தண்ணீரை அம்மாவின் குண்டானில் அளந்து, மாவை என் டம்ளரில் அளந்திருக்கிறேன். கூழாகாமல் என்ன ஆகும்? ஒரு வீட்டில் பாத்திரங்களைப் பிரிப்பதற்கு முன்னால், பழைய பாத்திரக் கடைக்கு எடைக்குப் போடுவதற்கு முன்னால், எதை எடுத்து எதை அளந்தார்கள் என்று கேட்டு, அரைமணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றி அளவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த டம்ளர் இல்லாமல் அம்மாவின் நோட்டு பாதி ஊமை.

2025-ல் பொங்கல் கழிந்த ஞாயிறு மறுபடி கூடினோம். இந்தத் தடவை பெரியம்மாவை வெள்ளிக்கிழமையே போய் அழைத்து வந்துவிட்டேன். அக்கா சனிக்கிழமை வந்தாள். பச்சை மொச்சை வந்திருந்த நேரம், மூன்று கிலோ வாங்கி மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து உரித்தோம். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு மொச்சை முறத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றெல்லாம் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் "இன்னா சொல்றது, கஷ்டந்தான்" என்று முடித்துவிடுவார். பித்தளை டம்ளரைக் கையில் கொடுத்து, "இது எங்க வாங்கினது பெரிம்மா?" என்று மட்டும் கேட்டேன். "டம்ளரா? இது உழக்குடி. எங்க ஊட்ல ரெண்டு ஆழாக்குக்கு ஒரு உழக்கு, நாலு உழக்கு ஒரு படி. உங்கம்மா தண்ணி குடிக்க எடுத்துக்கும், நான் அடிப்பேன்" என்று ஆரம்பித்தவர் நாற்பது நிமிடம் நிறுத்தவில்லை. கை மொச்சையில் இருந்ததால் வாய் தானாகப் பேசியது. நடுவில் ஒரு வருடத்தைத் தப்பாகச் சொன்னார் என்று அக்கா திருத்தப் போனாள், கையை அழுத்தி நிறுத்தினேன். வருடத்தை அப்புறம் சரிபார்த்துக்கொள்ளலாம்.

மறுநாள் களி. உழக்கால் ஒன்பது மாவு, எடை போட்டால் ஒரு உழக்குக் கிட்டத்தட்ட 200 கிராம் இருந்தது. நான் துடுப்பை எடுத்ததும் பெரியம்மா சுற்றும் முற்றும் பார்த்து, "கவைக்குச்சி எங்க?" என்றார். எதற்கு என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் இருக்கிறது. "குண்டான யாரு புடிக்கிறது? ஒருத்தி புடிக்கணும், ஒருத்தி கிண்டணும். உங்கம்மா என்னிக்குத் தனியா கிண்டுச்சு? சின்னதுல நான் புடிச்சேன். கண்ணாலம் ஆயி வந்தப்புறம் உங்கப்பா புடிப்பாரு. அப்புறம் நீதான புடிச்ச?" ஆமாம், நான்தான் பிடித்தேன். பத்துப் பன்னிரண்டு வயதில், கரித்துணி சுற்றிய இரண்டு கையாலும் குண்டான் காதைப் பிடித்துக்கொண்டு, சீக்கிரம் விடுங்கம்மா சுடுது என்று கத்தியிருக்கிறேன். நோட்டில் அம்மா அதை எழுதவில்லை. எழுத வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது.

தோட்டத்து வேப்பமரத்தில் கவையாக ஒரு கிளையை என் வீட்டுக்காரர் வெட்டிக் கொடுத்தார். அடுப்பைக் கீழே இறக்கி வைத்தோம். பெரியம்மா முக்காலியில் உட்கார்ந்து குச்சியால் குண்டானின் கழுத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் கிண்டினேன். போன் அன்றைக்கும் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிவின் கடைசி மூன்று நிமிடத்தில் கதை எதுவும் இல்லை. துடுப்பு குண்டானின் அடியில் உரசுகிற சத்தம், என் மூச்சு, நடுநடுவே பெரியம்மாவின் குரல்: "ம்... ஓரத்துல... ஓரத்துல வா... கையத் தண்ணில நனைச்சுத் தொட்டுப் பாரு. ஒட்டுதா?"

"ஒட்டல பெரிம்மா."

"அப்ப எறக்கு."